பெண் தலைவர்களும் பத்திரிகைகளின் யோக்கியதையும்

ஓர் ஆண் மேடையேறினால் என்ன பேசினார் என்று எழுதுகின்ற பத்திரிகைகள், ஒரு பெண் மேடையேறினால் என்ன உடுத்தினார், யாருக்கு மனைவி, ஏன் கல்யாணம் செய்து கொள்ளவில்லை என்று எழுதுகின்றன. இதற்குப் பெயர் சேதியாம்!

உதாரணம் தேடி வெகு தூரம் போக வேண்டியதில்லை. காமராஜர் கல்யாணம் செய்து கொள்ளவில்லை. அது தியாகமென்று புகழப்பட்டது. ஜெயலலிதா அம்மையாரும் செய்து கொள்ளவில்லை. அது வம்புப் பேச்சுக்குச் சரக்காயிற்று. எம்.ஜி.ஆர். சினிமாவிலிருந்து வந்தார்; அது செல்வாக்கு எனப்பட்டது. அம்மையாரும் அதே சினிமாவிலிருந்துதான் வந்தார். அது இழிவாகப் பேசப்பட்டது. தராசு ஒன்று, படிக்கல் இரண்டு! கடைத்தெருவில் இது மோசடியானால், பத்திரிகையில் மாத்திரம் எப்படி நியாயமாகும்?

1989 மார்ச் 25-ந் தேதி சட்டசபை அமளியில் தமது சேலை பிடித்திழுக்கப்பட்டதென்று எதிர்க்கட்சித் தலைவராயிருந்த அவர் புகார் சொன்னார். அதை மறுக்க எதிரிகளுக்கு உரிமையுண்டு. ஆனால் "நடிகைதானே" என்பதே மறுப்புக்கு ஆதாரமாகி விடுமா? அவருடைய ஆட்சியையும் சொத்து வழக்கையும் எவ்வளவு கடுமையாகவேனும் கண்டிக்கட்டும், அது அரசியல். பெண்ணாய்ப் பிறந்ததைக் கண்டிப்பது அரசியலல்ல, அற்பத்தனம்.

2019 பார்லிமெண்டுத் தேர்தல் சமயத்தில் 95 பெண் அரசியல்வாதிகளைக் குறித்து டுவிட்டரில் வந்தவற்றை ஆம்னெஸ்டி ஸ்தாபனம் பரிசோதித்ததில், ஏறக்குறைய ஏழில் ஒன்று வசவாகவோ தொல்லையாகவோ இருந்தது. பழைய திண்ணைப் பேச்சுக்கு இப்போது மின்சாரம் கிடைத்திருக்கிறது, அவ்வளவுதான்.

பலன் என்ன? உள்ளாட்சியில் பாதி ஸ்தானம் பெண்களுக்கென்று 2016-ல் சட்டம் செய்த இந்நாட்டில், அப்படிச் சட்டம் கட்டாயப்படுத்தாத சட்டசபைக்கு 2021-ல் 234 பேரில் 12 பெண்களே போனார்கள். சீட்டுக் கொடுக்காத கட்சிகள் முதல் குற்றவாளி. மானத்தைச் சந்தையிலேற்றும் பத்திரிகைகள் அதற்குக் கூட்டாளி.

1938-ல் இந்தி எதிர்ப்பில் சிறை சென்ற மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரைத் தந்தது நமது பழைய தஞ்சை ஜில்லா. இங்கே சேற்றிலிறங்கி நாற்று நடுகிற பெண்ணின் உழைப்பில் சோறு தின்கிறவர்கள், அவள் பஞ்சாயத்துத் தலைவியானால் புருஷனைத் தேடிப் போய்ப் பேட்டி கேட்பது வெட்கக்கேடல்லவா?

தோழர்களே! பெண்ணைப் பற்றிய சேதியில் அவள் பெயரை நீக்கி, ஓர் ஆண் பெயரைப் போட்டுப் படியுங்கள். சிரிப்பு வந்தால் அது சேதியல்ல, வசவு. அப்படிப்பட்ட பத்திரிகையைக் காசு கொடுத்து வாங்காதீர்கள். சுயமரியாதை பேசுகிற மேடையிலேயே ஒருவன் அப்படிப் பேசினாலும், அவனைக் கீழே இறக்குங்கள்.