சண்டை இல்லாத சண்டைக் காட்சிகள்

திருவான்மியூர் கடற்கரையில் மாதம் ஒரு ஞாயிறு கூடுகிற எங்கள் ஆறேழு பேரில் ஒருவர் சென்ற முறை ஒரு யோசனை சொன்னார். சினிமாவிலும் நாவலிலும் ஆளுக்குப் பிடித்த பத்துச் சண்டைக் காட்சிகளை எழுதித் தருவது. அடுத்த இதழில் போடுவது. இருவர் சிரித்தார்கள். சண்டையெல்லாம் வெகுஜன சமாச்சாரம், நமக்கு அக உலகம் இருக்கிறது என்பது அந்தச் சிரிப்பின் பொருள். மற்றவர்கள் உடனே பட்டியல் போட ஆரம்பித்துவிட்டார்கள். எனக்குச் சிரித்தவர்கள் மீதும் கோபம், பட்டியல் போட்டவர்கள் மீதும் கோபம். இரு சாராருக்குமான பதில் இது.

என் கட்சி இதுதான்: தமிழில் சண்டைக் காட்சி அநேகமாகக் கிடையாது. இருப்பது வெற்றிக் காட்சி. சண்டை என்றால் முடிவு என்னவென்று சண்டை போடுகிறவனுக்குத் தெரிந்திருக்கக் கூடாது. அடி வாங்கிய உடம்பு அடுத்த காட்சியிலும் அதே உடம்பாக இருக்க வேண்டும். இந்த இரண்டும் இல்லாதபோது நாம் பார்ப்பது ஒரு விதமான நடனம். அதை நடனம் என்று சொல்லி ரசிப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. சண்டை என்று சொல்லாதீர்கள்.

போன வருஷம் ஜெயந்தி சிக்னல் அருகே ஒரு நிஜச் சண்டை பார்த்தேன். பைக் ஆட்டோவில் உரசியது சம்பந்தமாக இரண்டு பேர். முழுசாக ஒரு நிமிஷம்கூட இல்லை. சத்தமே வரவில்லை. ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக்கொண்டு தள்ளாடினார்கள், பிரித்து விட்டார்கள். ஒருவர் ரோட்டில் குனிந்து மூக்குக்கண்ணாடியைத் தேடினார். கை நடுங்கிக்கொண்டிருந்தது. இரண்டு நாள் கழித்து அவர் என் கவுண்ட்டருக்கு வந்தார். எங்கள் வாடிக்கையாளர் என்பது அப்போதுதான் தெரிந்தது. வலது கைக் கட்டைவிரல் வீங்கியிருந்தது. பணம் எடுக்கும் சீட்டில் அவர் போட்ட கையெழுத்து கணக்கில் இருந்த கையெழுத்தோடு ஒத்துப்போகவில்லை. மூன்று முறை போட்டுப் பார்த்தார். "கை சரியில்ல சார்" என்றார், ஏதோ தப்புப் பண்ணிவிட்ட மாதிரி. தன் பெயரைத் தானே எழுத முடியாமல் நிற்கிற ஒருவரை அன்று பார்த்தேன். நம் சண்டைக் காட்சிகள் ஒன்றிலாவது இந்தக் கட்டைவிரல் உண்டா?

எம்.ஜி.ஆர். எத்தனையோ படங்களில் வாள் வீசினார், சிலம்பம் சுற்றினார். காமிராவுக்கு வெளியே அவருக்கு விழுந்த பெரிய காயம் 1967 ஜனவரி 12 அன்று, ராமாவரம் வீட்டில், எம்.ஆர். ராதா சுட்ட குண்டால். கழுத்துக் கட்டோடு எடுத்த அவர் படம் தேர்தல் சுவரொட்டி ஆயிற்று. ஆஸ்பத்திரியில் இருந்தபடியே பரங்கிமலைத் தொகுதியில் ஜெயித்தார். அதற்குப் பின் வந்த படங்களில் அவர் குரல் மாறியிருந்தது, சண்டைகள் மாறவில்லை. தொண்டையில் குண்டு பட்ட மனிதர் மறுபடியும் பத்துப் பேரைப் புரட்டினார். உடம்பு பழைய பொய்யையே சொல்லிக்கொண்டிருக்க, குரல் மட்டும் நடந்ததைச் சொல்லிக்கொண்டிருந்தது. ஜனங்கள் அந்தக் குரலைச் சகித்துக்கொண்டதாக விமர்சகர்கள் நினைக்கலாம். அதை அவர்கள் நேசித்தார்கள் என்றே நான் நினைக்கிறேன். காயத்தைப் பார்க்கத் தமிழனுக்குப் பிடிக்காது என்கிற தயாரிப்பாளர் சித்தாந்தம் அங்கேயே அடிபட்டுப் போகிறது.

இந்தக் காயமற்ற உலகின் விலையை யாரோ ஒருவர் கொடுக்கத்தான் வேண்டியிருக்கிறது. 2025 ஜூலையில் நாகப்பட்டினம் பக்கம் ஒரு படப்பிடிப்பில், கார் கவிழும் காட்சியில் ஒரு ஸ்டண்ட் கலைஞர் இறந்தார். கதாநாயகனுக்குக் கீறல் படாத காட்சிகளுக்குப் பின்னால் இப்படிப்பட்டவர்களின் முதுகெலும்புகள் இருக்கின்றன. திரையில் அவர்களுக்கு முகம் கிடையாது.

நாவலுக்கு வருவோம். 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை தொடராக வந்தது. வீரநாராயண ஏரிக்கரையில், ஆடிப்பெருக்கன்று, குதிரை மேல் வரும் ஒரு வாலிபனோடு அது ஆரம்பிக்கிறது. கல்கி வாளைவிட ஓலையையும், போரைவிட ஒட்டுக்கேட்பதையும் நம்பியவர். அது ஒரு பலவீனமாகவே இருக்கட்டும், அதில் ஒரு நாசூக்காவது இருந்தது. 2022இல் வந்த படத்துக்கு அந்த ஏரிக்கரை போதவில்லை. முதலில் ஒரு போர் வேண்டியிருந்தது. கல்கிக்குப் பின் வந்த சரித்திர நாவல்களோ வாள்களை அடுக்கி வைத்த கிட்டங்கிகள். அவற்றில் செத்துப்போகிற வீரர்களுக்குப் பெயர் இல்லை, தாகம் இல்லை, ஊர் இல்லை.

நம் பழையவர்கள் இப்படி இல்லை. கலிங்கத்துப் பரணி ராஜஸ்துதிதான். குலோத்துங்கனையும் கருணாகரத் தொண்டைமானையும் கொண்டாட எழுதியது. அதைச் சமாதானப் பிரசாரம் ஆக்க நான் முயலவில்லை. ஆனால் ஜெயங்கொண்டார் போரைப் பாடியதோடு நிறுத்திக்கொள்ளவில்லை. அதன் பின் களம் வருகிறது. பிணங்களுக்கு நடுவே பேய்கள் கூழ் காய்ச்சிக் குடிக்கின்றன. வெற்றி என்பது என்ன பண்டத்தால் ஆனது என்று கவிஞனுக்குத் தெரிந்திருக்கிறது. புறநானூற்றுத் தாய் கவிழ்ந்து கிடக்கும் உடல்களைப் புரட்டி மகனைத் தேடுகிறாள். அவளுடைய வீர சித்தாந்தம் எனக்கு ஒவ்வாது. ஆனால் அவள் கை பிணத்தின் மேல் படுகிறது. நமது சினிமாவுக்கும் சரித்திர நாவலுக்கும் அந்தத் துணிவு இல்லை.

சிரித்த நண்பர்களுக்கு இப்போது. நவீனத் தமிழில் மிகச் சிறந்த சண்டையை எழுதியவர் யார் தெரியுமா? 'எழுத்து' நடத்திய சி.சு. செல்லப்பா. 1959இல் நூலாக வந்த 'வாடிவாசல்' ஏறக்குறைய முழுக்கவும் ஒரே சண்டைக் காட்சி. தந்தையைக் கொன்ற காரிக்காளையை அணைய வந்த பிச்சியின் பயமும் கணக்கும் காளையின் ஒவ்வொரு அசைவுக்கும் எதிராக அளக்கப்படுகின்றன. பிச்சி ஜெயிக்கிறான். கதை அதோடு முடிகிறதா? தோற்ற காளையை ஜமீன்தார் தன் கையாலேயே சுட்டுக் கொல்கிறார். அசோகமித்திரனின் '18வது அட்சக்கோடு' (1977) இன்னொரு வழி. கலவர இரவில் சந்திரசேகரன் புகுந்த வீட்டில், தன்னவர்களைக் காப்பாற்ற ஒரு பெண் தன்னையே தர முன்வருகிறாள். அவன் ஓடுகிறான். அங்கே அடி ஒன்றுகூட விழவில்லை, ஆனால் கலவரம் முழுவதும் அந்த அறையில் இருக்கிறது. இவை நம் முன்னோடிகள் செய்தவை. நாமோ அகப் போராட்டம், அகப் போராட்டம் என்று சொல்லிக்கொண்டு புறப் போராட்டத்தை ஸ்டண்ட் மாஸ்டரிடம் குத்தகைக்கு விட்டுவிட்டோம்.

பட்டியல் போட்டவர்கள் குரோசாவாவைச் சேர்த்திருந்தார்கள். 'செவன் சாமுராய்' (1954) படத்தில் சாகிற நான்கு சாமுராய்களும் துப்பாக்கியால் சாகிறார்கள், வாளில் நிகரற்றவன் உட்பட. இதைக் கவனித்தீர்களா, அல்லது மழையையும் சேற்றையும் மட்டும் ரசித்தீர்களா? ஸ்தாந்தாலின் ஃபாப்ரிஸ் வாட்டர்லூ களத்திலேயே அலைகிறான். தான் கண்டது போர்தானா என்று பிறகும் அவனுக்கு நிச்சயமில்லை. ரஞ்சித்தின் 'சார்பட்டா பரம்பரை' (2021) டான்சிங் ரோஸைக் குணமும் லயமும் உள்ள மனிதனாக்கி நிறுத்தியபோது நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். கடைசி மோதலில் அதுவும் வெற்றிக் காட்சிக்கே திரும்பிவிட்டது.

இதெல்லாம் ரசனைப் பிரச்னை மட்டும் என்றால் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். 1983 முதல் 2009 வரை ஒரு போர் நம் மொழியில் நடந்தது. கட்டளைகள் தமிழில், ஓலங்கள் தமிழில். அதற்குள் இருந்து வந்தவர்கள் எழுதுகிறார்கள். ஷோபாசக்தியின் 'கொரில்லா' 2001இலேயே வந்துவிட்டது. அதில் வீரம் எங்கே என்று தேடுகிற வாசகனைச் சோழர் வாள்களைக் காட்டி வளர்த்தவர்கள் நாம். கடலுக்கு அக்கரையில் முள்ளிவாய்க்கால் நடந்துகொண்டிருந்தபோதும் இங்கே நமக்குத் தெரிந்த போர் சினிமாப் போர்தான். செய்தி வந்தபோது அதைப் புரிந்துகொள்ள நம்மிடம் ஒரு காட்சிகூட இருக்கவில்லை.

ஆகவே நண்பரே, என் பட்டியலில் பத்து இல்லை. காரிக்காளை ஒன்று. அந்த ஹைதராபாத் அறை ஒன்று. பரணியின் களம் ஒன்று. மிச்சத்தை யாராவது எழுதினால் சேர்த்துக்கொள்கிறேன். எழுத உட்காருகிறவர் முதலில் அந்தக் கட்டைவிரலுக்கு அடுத்த நாள் என்ன ஆயிற்று என்று விசாரித்துவிட்டு ஆரம்பிக்கட்டும்.