கணக்கும் வேண்டும், உயிரியலும் வேண்டும்

பெங்களூரில் எஸ்.எஸ்.எல்.சி. தேறிய பிள்ளைகள் பி.யூ.சி.யில் இடம் தேடும் நாட்களில், தமிழ்க் குடும்பங்களில் எழும் கேள்வி ஒன்றுதான்: டாக்டருக்கா, இன்ஜினீயருக்கா? டாக்டர் என்றால் கணக்கு வேண்டாம், இன்ஜினீயர் என்றால் உயிரியல் வேண்டாம் என்று தகப்பனார் அன்றே முடிவு கட்டிவிடுகிறார். இந்த அவசரத்தால் பிள்ளைக்கு அடைபடும் கதவுகளில் ஒன்று நரம்பு உடலியங்கியல், அதாவது நியூரோபிசியாலஜி.

நரம்பும் மூளையும் எப்படி வேலை செய்கின்றன என்று ஆராய்வது இத்துறை. ஒவ்வொரு நரம்புச் செல்லும் ஒரு சிறு பேட்டரி போன்றது. ஓய்ந்திருக்கையில் அதன் உள்ளுக்கும் வெளிக்கும் சுமார் 70 மில்லிவோல்ட் வேறுபாடு உண்டு. சோடியம் அயனிகள் உள்ளே பாய்ந்தால் செய்தி புறப்படும். பொட்டாசியம் வெளியேறினால் பழைய நிலை திரும்பும். கணவாயின் தடித்த நரம்பில் இதை அளந்து, 1952இல் கணிதச் சமன்பாடுகளாக எழுதியவர்கள் ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும். 1963இல் எக்கிள்ஸுடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். கொழுப்புறை போர்த்த பெரிய நரம்பில் செய்தியானது, சிறு நிலையங்களில் நிற்காத எக்ஸ்பிரஸ் போலத் தாவித் தாவி நொடிக்கு 100 மீட்டர் வரையிலும் ஓடும். உறையில்லாத மெல்லிய நரம்பில் நொடிக்கு 1 மீட்டர் அளவில்தான் நகரும். இதையெல்லாம் விளங்கிக்கொள்ள மின்சாரமும் லாகரிதமும் தெரிந்திருக்க வேண்டும். கணக்கைக் கைவிட்டு வந்த மாணவர் திணறுவது இங்கேதான்.

இந்தியருக்கு எட்டாத துறையல்ல இது. பசியைத் தூண்டும் இடம் மூளையின் ஹைப்போதலாமஸில் இருப்பதை 1951இல் பிரோபெக்குடன் சேர்ந்து வெளியிட்டவர் பி.கே. ஆனந்த். நுரையீரலிலுள்ள ஜே ஏற்பிகளைக் கண்டறிந்தவர் ஏ.எஸ். பெயிண்டல். ஓசூர் சாலையில், 1974இல் உருவான நிமான்ஸ் நிலையத்தில் இதற்கெனத் தனித்துறை உண்டு. எம்.பி.பி.எஸ். படிக்காமல், உயிர் அறிவியலில் எம்.எஸ்ஸி. முடித்தவர்களும் அங்கே ஆராய்ச்சிப் பட்டத்துக்கு முயலலாம். தமிழ்க் குடும்பங்களோ அந்த வாசலை நோயாளியோடு போய்த்தான் பார்த்திருக்கின்றன.

வலிப்பு வந்தவர் கையில் சாவியைத் திணிக்கும் வழக்கம் இன்றும் ஒழியவில்லை. மூளைச் செல்கள் ஏராளமாக ஒரே சமயத்தில் கட்டுக்கடங்காமல் மின் துடிப்பை எழுப்புவதே வலிப்பு. இரும்பு அதை நிறுத்தாது. பெரும்பாலான வலிப்பு ஓரிரு நிமிடத்தில் தானே அடங்கும். பெயர் சாவிக்குப் போகிறது! நோயாளியை ஒருக்களித்துப் படுக்க வைத்து, வாயில் எதையும் திணிக்காமல் காத்திருக்க வேண்டும். 5 நிமிடம் தாண்டினால் ஆஸ்பத்திரிக்கு விரைய வேண்டும். பேய் என்று பூசாரியிடம் அலைந்து, மாத்திரையின்றி ஆண்டுகளை இழந்த பெண்கள் எத்தனை பேர்! அந்தத் தெருவிலிருந்தே ஒரு பிள்ளை இதைப் படித்து வந்து, வீட்டுத் தமிழில் எடுத்துச் சொன்னால் ஊர் நம்பும்.

பட்டம் வாங்கியதும் உத்தியோகம் தேடி வரும் என்று சொல்வதற்கில்லை. படிப்பு நீண்டது, சம்பளத்தை எதிர்பார்க்கும் வீட்டுக்கு அது பாரமே. தேசியத் தகுதித் தேர்வில் உயர்ந்த இடம் பெற்றால் ஆராய்ச்சிக் காலத்துக்கு உதவித்தொகை கிடைக்கும். ஆனால் அதற்கு முந்திய எம்.எஸ்ஸி. இரண்டாண்டுகள்தான் ஏழைப் பிள்ளையின் காலை வாரிவிடுகின்றன. பொங்கல் விழாவுக்கு வசூலிக்கும் தமிழ்ச் சங்கங்கள், அதில் ஒரு பங்கை இந்த இரண்டாண்டுகளுக்கு ஒதுக்கலாகாதா?

பி.யூ.சி.யில் கணக்கையும் உயிரியலையும் சேர்த்தே எடுக்கும் பிரிவு இருக்கிறது. விண்ணப்பத்தில் கையெழுத்திடுமுன் தகப்பனார்கள் பிள்ளையை ஒரு வார்த்தை கேட்பார்களாக.