கராத்தே வகுப்பும் கெமராவும்



கொஞ்சம் நீளமான பதிவு. பிள்ளை வளர்ப்பவர்கள் பொறுமையாக வாசியுங்கள்.

நம் பிள்ளை ஒன்று நன்றாக உதைக்கவோ குத்தவோ பழகினால் மூன்றாம் மாதமே அது டிக்டொக்கில் வந்துவிடுகிறது. நான்காம் மாதம், "சேர், படத்தில நடிக்கிறதுக்கு யாரைப் பிடிக்கணும்?" என்று கேட்கிறான். அதே வீடியோவைப் பார்த்த சொந்தக்காரர் ஒருவர் வீட்டுக்குக் கோல் எடுத்தால், மறுநாளே வகுப்பு நிற்கிறது. பெண் பிள்ளை என்றால் கேட்கவே வேண்டாம். சேர விரும்பும் பிள்ளையும் தடுக்கும் வீடும் ஒன்றையேதான் நம்புகிறார்கள்: சண்டை பழகுவது கெமராவுக்கு முன்னால் நிற்பதற்கு என்று.

ரித்திகா சிங்கை உங்களுக்குத் தெரியும். 'இறுதிச்சுற்று' படத்தில் மீன் விற்கும் மதியாக வந்த பெண். நம் தோட்டத்துப் பிள்ளைகள் பலர் அந்தப் படத்தைப் போனில் எத்தனை தடவை பார்த்திருப்பார்கள் என்று கணக்கில்லை. ஆனால் அவர் வட சென்னைக்காரி இல்லை, மும்பைப் பிள்ளை. தமிழ் அவருடைய மொழியும் இல்லை. தகப்பனே பயிற்சியாளர் என்பதால் சின்ன வயதிலிருந்தே கிக்பொக்ஸிங். 2009இல் வியட்நாமின் ஹனோயில் நடந்த ஆசிய உள்ளரங்க விளையாட்டு விழாவுக்கு இந்தியா சார்பில் போனபோது அவருக்குப் பள்ளிக்கூட வயது. 2012இல் 'சூப்பர் ஃபைட் லீக்' என்ற கலப்புச் சண்டைப் போட்டியில் இறங்கினார். அந்த லீக்கின் வழியாகத்தான் இயக்குநர் சுதா கொங்கரா அவரைக் கண்டுபிடித்தார். படம் வந்தது 2016 ஜனவரியில்.

ஆண்டுகளைக் கவனியுங்கள். ஹனோய்க்கும் திரைக்கும் இடையில் ஆறு வருடத்துக்கு மேல். அந்த ஆறு வருடத்துக்கு முன்னால் இன்னும் எத்தனையோ விடியற்காலைகள். அவர் சினிமாவைத் தேடிப் போகவில்லை. நடிகை ஒருவருக்குக் குத்துச்சண்டை பழக்குவதை விட, சண்டை தெரிந்த பெண்ணுக்கு நடிப்புப் பழக்கலாம் என்று ஓர் இயக்குநர் முடிவெடுத்ததால் சினிமா அவரைத் தேடி வந்தது. முதல் படத்துக்கே 63ஆவது தேசிய திரைப்பட விருதுகளில் சிறப்புக் குறிப்பு கிடைத்தது. அதே பாத்திரத்தை ஹிந்தியில் 'சாலா கதூஸ்', தெலுங்கில் 'குரு' என்று இன்னும் இரண்டு தடவை நடித்தார்.

அதற்குப் பிறகு என்ன நடந்தது என்பதை நம் பிள்ளைகள் யோசிப்பதில்லை. 'ஆண்டவன் கட்டளை'யில் தொலைக்காட்சி நிருபர். 'சிவலிங்கா'வில் பேய்க்கதை. 2020இல் 'ஓ மை கடவுளே'யில் மனைவி. 2024இல் ரஜினியின் 'வேட்டையன்' படத்தில் பொலிஸ் அதிகாரி. நல்ல படங்களும் இருக்கின்றன, அவர் நடிப்பையும் குறை சொல்ல மாட்டேன். ('ஓ மை கடவுளே' எனக்குப் பிடித்த படம், வீட்டில் இன்னும் கேலி செய்கிறார்கள்.) ஆனால் அந்தக் குத்தை முதல் படம் கேட்ட அளவுக்குக் கேட்ட தமிழ்ப் படம் இன்னொன்று வரவில்லை என்பது என் கணிப்பு. சின்ன வயதிலிருந்தே களரி பழகிய வித்யுத் ஜம்வாலுக்கும் 2012இல் 'பில்லா 2', 'துப்பாக்கி' இரண்டிலும் நம் சினிமா கொடுத்தது வில்லன் வேடம்தான். இத்தனைக்கும் இவர்கள் இருவரும் வென்றவர்கள்.

வெல்லாதவர்களை நமக்குத் தெரியாது. சண்டை தெரிந்தவர்களில் பலர் சினிமாவில் நிற்கும் இடம் கதாநாயகனுக்குப் பதிலாக விழும் இடம். 2025 ஜூலையில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் 'வேட்டுவம்' படப்பிடிப்பில் கார் கவிழும் காட்சியை எடுக்கும்போது சண்டைக் கலைஞர் மோகன்ராஜ் இறந்துபோனார். அந்த வீடியோவையும் நம் பிள்ளைகள் பகிர்ந்தார்கள். கீழே போட்டிருந்த கருத்துகளை வாசிக்க எனக்கு மனம் வரவில்லை.

இது சென்னைக் கதை. நாம் இருப்பது ரயில் பாதை முடிகிற ஊரில். பசறையிலிருந்தும் லுணுகலையிலிருந்தும் ஹாலிஎல பக்கத்துத் தோட்டங்களிலிருந்தும் வரும் பிள்ளை பயிற்சி முடிந்து கடைசி பஸ்ஸைப் பிடிப்பதே ஒரு போட்டி. உடுப்பு, பெல்ட் பரீட்சைக் கட்டணம், போட்டிக்குப் போகும் செலவு எல்லாம் கொழுந்துச் சம்பளத்திலிருந்து வர வேண்டும். அப்படிக் கஷ்டப்பட்டு அனுப்பும் தாய் தகப்பன், "இதால என்ன பிரயோசனம்?" என்று கேட்டால் அது நியாயமான கேள்வி. "நடிகனாகலாம்" என்பது அதற்குப் பதில் இல்லை.

என் பதில் இதுதான். அகில இலங்கைப் பாடசாலை விளையாட்டு விழாவில் கராத்தேயும் வூஷூவும் இருக்கின்றன. வலயம், மாகாணம் தாண்டித் தேசிய மட்டத்தில் சாதித்த பிள்ளை உயர்தரத்திலும் தகுதி பெற்றால், பல்கலைக்கழக விசேட அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம். இராணுவமும் பொலிஸும் விளையாட்டு வீரர்களை எடுக்கின்றன. இவை எதற்கும் பின்னணி இசை கிடையாது. ஆனால் இந்தக் கதவுகள் பதுளையிலிருந்து எட்டும் தூரத்தில் இருக்கின்றன. தோட்டத்துத் திருவிழாவில் கம்பு சுற்றும் தாத்தாமார் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்களிடம் போய்ப் பழகுவதற்கு ஒரு சதமும் தேவையில்லை.

இனிப் பெண் பிள்ளைகள். நம் முஸ்லிம் வீடுகளில் வயதுக்கு வந்ததும் நிறுத்துகிறோம், தோட்டத்தில் சாதாரண தரத்தைக் காரணம் காட்டி நிறுத்துகிறார்கள். முக்காடு பிரச்சினை என்றால், உலக கராத்தே சம்மேளனம் அதற்கு அனுமதி கொடுத்துப் பத்து வருடத்துக்கும் மேலாகிறது. பயிற்றுவிப்பாளர் மீது பயம் என்றால், அந்தப் பயம் சரியானது. விளையாட்டுக்குள் பெண் பிள்ளைகள் படும் தொல்லையை 'இறுதிச்சுற்று'ம் மறைக்கவில்லை. அதற்காகப் பிள்ளையை மறிக்காமல் நீங்கள் வந்து உட்காருங்கள். உம்மா ஒருவர், அம்மா ஒருவர் என்று முறை வைத்து மண்டபத்தில் இருங்கள். எந்த நேர்மையான பயிற்றுவிப்பாளரும் அதை வேண்டாம் என்று சொல்ல மாட்டார். வேண்டாம் என்று சொல்பவரிடம் பிள்ளையை விடவும் வேண்டாம்.

போன் பற்றி: வகுப்பு நேரத்தில் எல்லாப் போனும் ஒரு கூடைக்குள் போக வேண்டும் என்று நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். போட்டியில் வென்ற வீடியோவைத் தாராளமாகப் போடுங்கள், நானே முதலில் லைக் போடுவேன்.

கடைசியாக ஒரு விஷயம். எங்கள் பிள்ளைகள் வெறும் சிமெந்துத் தரையில் விழுந்து பழகுகிறார்கள். முழங்கையைப் பார்த்தாலே தெரியும். கொழும்பிலும் வெளிநாட்டிலும் இருக்கும் பழைய மாணவர்கள், பாவித்த மெட் இருந்தாலும் பரவாயில்லை, தர முடிந்தால் இன்பொக்ஸில் எழுதுங்கள். லொறிக் கூலிக்கு நாங்கள் இங்கே ஏதாவது வழி பார்க்கிறோம்.