கோர்ட்டு வாசல் திறந்திருக்கிறது; படியேற யாரால் முடியும்?

அமெரிக்காவின் டெக்ஸாஸ் மாநிலத்தில் ஒரு தொழிலாளிப் பெண் இன்று விவாகரத்து கோர நினைத்தால், கோர்ட்டுப் படியை மிதிக்காமலே மனுத் தாக்கல் செய்து விடலாம். அந்த மாநிலத்தில் 254 கவுண்டிகள் உள்ளன. நம் ஜில்லா, தாலுகா போன்ற நிர்வாகப் பிரிவுகள் அவை. தான் வசிக்கும் கவுண்டியின் கோர்ட்டுக்கு இணையத்தின் வழியே மனுவை அனுப்பலாம். கட்டணத்தையும் அப்படியே கட்டலாம்.

இதைப் பார்த்து ஒரு சாரார், “கல்யாணம் கடைச் சரக்காகி விட்டது” என்று புலம்புகிறார்கள். மற்றொரு சாரார், “விஞ்ஞானம் ஏழையின் வீட்டு வாசலுக்கே நீதியைக் கொண்டு வந்து விட்டது” என்று கொண்டாடுகிறார்கள். இரு சாராரும் பார்க்கத் தவறுவது ஒன்றுதான்: மனுப் போடுகிறவர் யார்? அவர் கையில் என்ன இருக்கிறது?

கசந்து போன மணத்திலிருந்து வெளியேற உரிமை வேண்டும். அதில் நமக்குச் சந்தேகமே இல்லை. அடிக்கும் கணவனோடு காலம் தள்ளு என்று ஒரு பெண்ணிடம் சொல்ல எவருக்கும் அதிகாரம் கிடையாது. ஆனால் பணம் உள்ளவனுக்கு மட்டும் பயன்படும் உரிமை, ஏழைக்கு ஏட்டுச் சுரைக்காய்தான்.

அமெரிக்காவிலேயே இதற்குச் சாட்சி உண்டு. கனெக்டிகட் மாநிலத்தில் சர்க்கார் உதவித் தொகையில் காலம் தள்ளிய பெண்கள் விவாகரத்து கேட்டார்கள். கோர்ட்டுக் கட்டணமும் சம்மன் செலவும் சேர்ந்து சுமார் 60 டாலர். அது இல்லை என்பதற்காகக் கதவு சாத்தப்பட்டது. அவர்கள் விடவில்லை, உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். மண பந்தத்தை அவிழ்க்கும் அதிகாரம் சர்க்காரிடம் மட்டுமே இருக்கும்போது, காசில்லை என்று ஏழையை விரட்டக் கூடாது என 1971இல் தீர்ப்பு வந்தது. கேட்டுப் போராடியதால் கிடைத்த உரிமை அது. யாரும் தானமாகத் தரவில்லை.

டெக்ஸாஸில் நடந்ததையும் பாருங்கள். வக்கீல் வைக்க வசதியில்லாதவர்கள் தாங்களே நிரப்பத்தக்க எளிய விவாகரத்துப் படிவங்களை அந்த மாநில உச்ச நீதிமன்றம் 2012இல் அங்கீகரித்தது. குழந்தையும் வீடு நிலமும் இல்லாத, தகராறில்லாத வழக்குகளுக்கு மட்டுமே அந்தப் படிவங்கள். அதற்கே குடும்ப வழக்கு வக்கீல்களின் அமைப்பு பலமாக எதிர்த்தது. மக்கள் தவறாக நிரப்பி ஏமாந்து போவார்கள் என்றார்கள். அந்த அச்சத்தில் உண்மை இருக்கிறது. ஆனால் வக்கீலே கிடைக்காதவருக்கு இந்த உபதேசத்தால் என்ன பயன்? சட்ட உதவிக்கு மத்திய சர்க்கார் நிதி வழங்கும் நிறுவனமே 2022இல் வெளியிட்ட அறிக்கையில், ஏழைகளின் முக்கியமான சிவில் பிரச்னைகளில் 92 சதவிகிதத்துக்குப் போதிய சட்ட உதவியோ, எந்த உதவியுமோ கிடைப்பதில்லை என்று ஒப்புக் கொண்டது.

சரி, இணைய மனுவுக்கு என்ன வேண்டும்? தம்பதியில் ஒருவர் ஆறு மாதம் மாநிலத்திலும், 90 நாள் அந்தக் கவுண்டியிலும் குடியிருந்திருக்க வேண்டும். மனுப் போட்ட பின் சாதாரணமாக 60 நாள் காத்திருக்க வேண்டும். வன்முறைக்குத் தண்டனை பெற்ற கணவன், அல்லது பாதுகாப்பு உத்தரவு பெற்ற மனைவி என்றால் விலக்கு உண்டு. கட்டணம் சாதாரணமாக 300 டாலருக்கு மேல் ஆகிறது. அங்கே குறைந்தபட்சக் கூலி மணிக்கு 7.25 டாலர். 2009 ஜூலையில் நிர்ணயித்தது! அந்தக் கூலிக்கு வாரம் 40 மணி நேரம் உழைத்தால் 290 டாலர். ஒரு வாரக் கூலி முழுவதையும் கொட்டினாலும் மனுக் கட்டணத்துக்குப் போதாது. கட்ட இயலாது என்று எழுதிக் கொடுத்து விலக்குக் கேட்கலாம். ஆனால் அப்படி ஒரு காகிதம் இருப்பதே பலருக்குத் தெரிவதில்லை. தெரியாதவர்களைத் தனியார் வியாபாரிகள் வளைக்கிறார்கள். இலவசமாகக் கிடைக்கும் படிவத்தையே நிரப்பித் தருகிறோம் என்று நூற்றுக்கணக்கான டாலர் வாங்குகிறார்கள்.

பட்டாவுக்கும் ரேஷன் கார்டுக்கும் ஜனங்களுக்கு மனு எழுதிக் கொடுத்துப் பழகியவர்கள் நாம். படிவம் கேட்கும் கேள்விக்குப் பதில் எழுதுவது சுலபம். படிவம் கேட்காத கேள்வியில்தான் குடி கெடுகிறது.

அப்படி மூன்று கேள்விகள் உண்டு. முதலாவது, மணமாகி எத்தனை வருஷம்? பத்து வருஷம் நீடித்த மணம் என்றால், முன்னாள் கணவரின் சமூகப் பாதுகாப்புக் கணக்கை வைத்து, அவருக்கு உரிய முதுமைத் தொகையில் பாதி வரை பெண்ணுக்குக் கிடைக்க வழியுண்டு. ஒன்பது வருஷம் பத்து மாதத்தில் தீர்ப்பு வந்து விட்டால், அந்த வழி அடைபட்டுப் போகும். இரண்டு மாதம் பொறுத்திருக்கலாமே என்று எந்தக் கணினியும் சொல்லப் போவதில்லை.

இரண்டாவது, கணவரின் கம்பெனி பென்ஷன் என்ன ஆகிறது? பாதி மனைவிக்கு என்று தீர்ப்பில் எழுதினால் மட்டும் போதாது. பென்ஷன் நிர்வாகம் ஏற்கத்தக்க தனி உத்தரவு ஒன்றையும் கோர்ட்டிடம் பெற வேண்டும். இல்லாவிட்டால், நிர்வாகம் அவளுக்குப் பணம் தராது.

மூன்றாவது, வைத்தியச் செலவை யார் ஏற்பது? அங்கே கோடிக்கணக்கான குடும்பங்களுக்கு வைத்தியக் காப்பீடு முதலாளியின் வழியேதான் வருகிறது. கணவரின் காப்பீட்டில் இருந்த மனைவி, விவாகரத்தோடு அதை இழக்கிறாள். இருபது பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் நிறுவனமானால் 36 மாதம் வரை அதைத் தொடரலாம். ஆனால் 60 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். பணத்தையும் தானே கட்ட வேண்டும். மணம் முறிந்தால் மருந்தும் நின்று போகிறது! இதற்கு இணையத்தையா குறை சொல்வது? வைத்தியத்தை முதலாளியின் தயவில் கட்டி வைத்த ஏற்பாட்டையல்லவா குறை சொல்ல வேண்டும்!

இது அமெரிக்காக்காரர் விஷயம்தானே என்று நம் வாசகர்கள் ஒதுக்கி விடக் கூடாது. டல்லாஸிலும் ஹூஸ்டனிலும் நம் தமிழ்ப் பெண்கள் பலர் கணவரின் வேலை விசாவைச் சார்ந்த எச்-4 விசாவில் இருக்கிறார்கள். விவாகரத்தானால் அந்தச் சார்பு விசாவுக்குரிய தகுதி போய் விடுகிறது. தனக்கென வேறு விசா இல்லாதவளின் கதி என்ன?

ஊரில் இருக்கும் மனைவிக்கு அமெரிக்கக் கவுண்டியிலிருந்து காகிதம் வருவதும் உண்டு. 1975இல் திருப்பதியில் நடந்த ஒரு திருமணத்தை, மிசௌரி மாநிலத்தின் செயின்ட் லூயிஸ் கவுண்டி கோர்ட்டு ரத்துச் செய்தது. 90 நாள் அங்கே குடியிருந்ததாகக் காட்டிக் கணவர் வாங்கிய தீர்ப்பு அது. இந்து திருமணச் சட்டப்படி நடந்த மணத்தை இப்படி அறுக்க முடியாது என்று 1991இல் நமது உச்ச நீதிமன்றம் கூறி விட்டது. மனைவி சம்மதித்தாலோ, தானே முன்வந்து அந்தக் கோர்ட்டின் அதிகாரத்தை ஏற்று, நம் சட்டம் ஒப்புக் கொள்ளும் காரணத்தின் மேல் வழக்காடினாலோ நிலைமை வேறு. ஆகவே, சகோதரிகளே! அப்படிக் காகிதம் வந்தால் பயந்து கையெழுத்துப் போடாதீர்கள். தூக்கி மூலையிலும் போடாதீர்கள். உடனே சட்டம் தெரிந்தவரிடம் காட்டுங்கள்.

இணைய மனு வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. ஒரு நாள் கூலியை இழந்து கோர்ட்டு வாசலில் காத்துக் கிடப்பதைவிட அது ஆயிரம் மடங்கு மேல். ஆனால் நிரப்புகிறவருக்குப் புரியும் மொழியில் படிவம் வேண்டும். கட்டண விலக்கு முதல் பக்கத்திலேயே தெரிய வேண்டும். அந்த மூன்று கேள்விகளைக் கேட்டு விளக்கிச் சொல்ல, சர்க்கார் செலவில் ஒரு வக்கீல் ஒவ்வொரு கவுண்டியிலும் உட்கார வேண்டும். நம் நாட்டிலும் கோர்ட்டு மனுக்கள் இணையத்துக்குப் போய்க் கொண்டிருக்கின்றன. இங்கும் இதே கோரிக்கையை இப்போதே எழுப்ப வேண்டும்.

இயந்திரம் மனுவை வாங்கிக் கொள்ளும். நியாயத்தை எடுத்துச் சொல்ல மனிதர் வேண்டும்!