சாயம் அடிக்கும் முன் துருவைப் பாருங்கள்

தீபாவளி நெருங்கினால் ஈப்போவிலும் சுங்கை சிப்புட்டிலும் பட்டறை வாசலில் பழைய கார்கள் வரிசை பிடிக்கும். "பளபளன்னு அடிச்சுக் குடுங்க தவுக்கே, காசை மட்டும் கொறைச்சுக்குங்க" என்பதே நம்மவர் பேரம். மலிவாகக் கேட்பதில் வெட்கமில்லை. நம்மில் பலர் வாசலில் கார் நின்றதே 1985-இல் வந்த சாகாவாலும் 1994-இல் வந்த காஞ்சிலாலும்தான்.

ஆனால் காசு எதற்குப் போகிறது? சாயம் அடிப்பது கொஞ்ச நேர வேலை. துருவைச் சுரண்டி, தகரம் தெரியத் தேய்த்து, பட்டி பூசி, மறுபடி தேய்ப்பதுதான் நாளைத் தின்னும். விலையைக் குறைத்தால் பட்டறையில் குறைவது இந்த வேலைதான். கட்டிப்பால் மூட்டை ஏற்றிய காரின் பின்பெட்டி விரிப்பைத் தூக்கிப் பாருங்கள். ஆசிட் கலந்த தண்ணீர் ஒழுகித் தகரத்தை அரித்திருக்கும். அதன்மேல் சாயம் பூசினால் பொங்கலுக்குள் கொப்புளம் கிளம்பாதா?

செலவைக் குறைக்க வேறு வழி இருக்கு. மினுமினுப்புச் சாயம் வேண்டாம், வெறும் வெள்ளை போதும். காரின் பழைய நிறத்தையே அடித்தால் கதவின் உட்புறத்தைத் தொட வேண்டியதில்லை. நிறத்தை மாற்றினாலோ சாலைப் போக்குவரத்து இலாகாவுக்கும் நடக்க வேண்டும். பம்பர், விளக்குகளை வீட்டுப் பையன்களே கழற்றட்டும். மணல்தாள் பிடிக்கவும் அவர்களுக்குத் தெரியும்.

தீபாவளிக்கு முந்திய வாரம் மட்டும் போகாதீர்கள். அது மழைக்காலம். ஈரக்காற்றில் மலிவுச் சாயம் வெளிறிப் போகும், பட்டறைக்காரருக்கும் நிதானம் இருக்காது. ஆனி, ஆடியிலேயே போய், "துரு எடுக்கறதும் இந்தக் காசுல சேர்த்திதானா?" என்று முதலில் கேளுங்கள். பதிலைப் பில்லில் எழுதி வாங்குங்கள்.