கெமர் எழுத்தில் இல்லாத குறிக்கு எண்!

எழுத்து, அதனை எழுதும் மக்களின் உடைமை. அதனைக் கணினியில் ஏற்றுங்கால் எவ்வெழுத்துக்கு எவ்வெண் என வரையறுக்கும் உரிமையும் அம்மக்கட்கே முதற்கண் உரியது. இவ்வுரிமை கைநழுவினால் விளைவது யாது? கம்போடியாவின் கெமர் எழுத்தே அதற்குச் சான்று.

பல்லவர் எழுத்தின் வழிவந்தது கெமர் எழுத்து. அங்கோர் போரையில் கிடைத்த கி.பி. 611ஆம் ஆண்டுக் கல்வெட்டே, ஆண்டு பொறித்த கெமர்க் கல்வெட்டுகளுள் மூத்தது. தமிழில் 'க' என்னும் எழுத்து அகரத்தைத் தன்னுள் அடக்கி நிற்றல்போல, கெமர் மெய்யும் ஓர் உயிரைத் தன்னுள் அடக்கி நிற்கும். மெய்கள் ஈரினமாகலின், அவ்வுயிர் ஓரினத்தில் அகரச் சாயலும் மற்றதில் ஒகரச் சாயலும் பெறும். அதற்கெனத் தனிக்குறி இல்லை. எழுதுவோர் எழுதார், படிப்போர் தாமே ஒலிப்பர்.

எழுதப்படாத அவ்வுயிருக்கு எண் கொடுத்தது ஒருங்குறி! 1999இல் வெளிவந்த அதன் 3.0 பதிப்பில் 17பி4, 17பி5 என ஈரெண்கள் ஒதுக்கப்பட்டன. இரண்டிற்கும் வரிவடிவம் இல்லை. அவை கண்ணுக்குப் புலப்படா. வடமொழி, பாலி ஒலிகளைக் கெமர் ஒலியினின்று பிரித்துக் காட்டுதற்கு என்பது அவற்றுக்குக் கூறப்பட்ட கரணியம். கெமர் மக்கள் தம் மொழியை எழுதுதற்கு வேண்டாத ஒன்று, அயன்மொழி ஒலிப்பின் பொருட்டு அவர்தம் எழுத்துக்குள் புகுத்தப்பட்டது! இவ்வெண் ஒரு சொல்லின் நடுவே புகுந்துவிடின் கண் அதனைக் காணாது. கணினியோ அதனை வேறு சொல்லாகக் கொள்ளும். எண்ணுக்கு எண் ஒப்பிடும் தேடலில் அச்சொல் அகப்படாது.

1975 முதல் 1979 வரை நடந்த கொடுங்கோன்மையில் கற்றோரைப் பெருமளவில் பறிகொடுத்த நாடு கம்போடியா. அந்நாடு மீண்டெழுந்து 2001இல் கெமர்ப் பகுதிக்கு முறைப்படி மறுப்புத் தெரிவித்தபோது காலம் கடந்திருந்தது. ஒதுக்கிய எண்ணை நீக்குதலும், இட்ட பெயரை மாற்றுதலும் இயலா என்பது ஒருங்குறியின் நிலைப்பு விதி. பின்னர் அவ்விரண்டும் குறியேற்றப் பிழைகளெனக் கருதத்தக்கன என்று ஒருங்குறியே எழுதிவைத்தது. பயன்படுத்தற்க என்றும் அறிவுறுத்தியது. ஆயினும் அவை அகலவில்லை. இன்றும் அங்கேயே உள்ளன.

"ஆயிரக்கணக்கான எண்களுள் இரண்டுதானே! பயன்படுத்தாது விட்டால் தீர்ந்தது. விதியைத் தளர்த்தினால் பழைய ஆவணங்கள் சிதையுமே!" என்பர் சிலர். ஆவணங்கள் சிதையக் கூடாது என்பது மெய்யே. ஆனால் அவ்விதியே அவர்க்கு எதிராய் நிற்கிறது. திருத்த வியலாத முடிவை எடுப்போர், எடுக்குமுன் உரியோரைக் கேட்டல் கடமையன்றோ? கல்லில் வெட்டுமுன் எழுத்தைச் சரிபார்ப்பது கல்தச்சனும் அறிந்த முறை. அதனைக் கணினி வல்லார் அறியார் என்பது எங்ஙனம் பொருந்தும்?

முன்கூட்டிக் குரலெழுப்பினால் பயனுண்டு என்பதற்குத் தமிழே சான்று. கிரந்தக் குறியேற்றத்துள் எ, ஒ, ழ, ற, ன முதலிய தமிழெழுத்துகளைச் சேர்க்கும் முன்மொழிவு 2010இல் எழுந்தபோது தமிழறிஞர் எதிர்த்தனர். தமிழக அரசும் தலையிட்டது. 2014இல் கிரந்தம் ஏறியபோது அவ்வெழுத்துகள் அதில் இல்லை. கெமர் மக்கட்கு வாய்க்காத காலம் தமிழர்க்கு வாய்த்தது, அவ்வளவே வேறுபாடு.

ஆகலின் வேண்டுவன இரண்டு. எம்மொழி எழுத்தாயினும், அம்மொழி அறிஞரின் எழுத்து வழி ஒப்புதலின்றிப் புதிய எண் ஒதுக்கலாகாது. பிழையென ஒப்புக்கொண்ட எண்களை விசைப்பலகைகளும் எழுதுசெயலிகளும் ஏற்காது தடுத்தல் வேண்டும். தமிழர் ஒவ்வொரு முன்மொழிவையும் விழிப்புடன் படித்தல் வேண்டும். உறங்குவோன் நிலத்தில் அயலான் நடும் எல்லைக்கல் எளிதில் பெயராது!