லைவில் வரும் வசவுக்கு யார் பொறுப்பு?

ஆட்டிசம் உள்ள பலருக்கு லைவ் ஸ்ட்ரீமிங் தோதான இடம். சொந்த அறை, கண்ணை உறுத்தாத வெளிச்சம், எதிரே யாருடைய முகத்தையும் படித்துப் பொருள் தேட வேண்டிய சிரமம் இல்லை. பார்ப்பவர்கள் சாட்டில் எழுதுவார்கள். இவர் பதில் சொல்வார். ஒரே கேமைப் பற்றி மணிக்கணக்கில் பேசினாலும் யாரும் வாயை அடைப்பதில்லை. பிடிக்காதவர் போய்விடலாம்.

போகாமல் நின்று வம்பு செய்பவர்களால்தான் பிரச்னை. ‘கேமராவைப் பார்த்துப் பேசு’, ‘ஏன் கையை உதறுகிறாய்?’ கையை உதறுவது பலருக்கு மனத்தை நிதானப்படுத்தும் வழி. அதையே வெட்டியெடுத்துக் கேலி வீடியோவாகச் சுற்றவிடுகிறார்கள்.

2021 மே மாதம் அமேசானின் ட்விட்ச் தளம் 350-க்கும் மேற்பட்ட புதிய டேக்குகளை அறிவித்தது. மாற்றுத்திறனாளிகள், திருநர் போன்றோரின் சேனல்களை எளிதில் கண்டுபிடிக்கலாம் என்றார்கள். வசைபாடிகளும் எளிதில் கண்டுபிடித்தார்கள். ஆகஸ்டில் ‘ஹேட் ரெய்டு’ உச்சத்துக்குப் போனது. போலிக் கணக்குகள் கூட்டமாக ஒரு சேனலுக்குள் புகுந்து சாட்டை வசவால் நிரப்பும். ஒவ்வொன்றும் ஃபாலோ செய்யும்போது திரையில் பெயர் மின்னும், மணி அடிக்கும். மின்னல், மணி, மின்னல், மணி. சத்தமே தாங்காத ஒருவர் அந்த நேரத்தில் எந்த செட்டிங்ஸைத் தேடுவார்?

இதைக் கண்டித்து, செப்டம்பர் 1 அன்று பல ஸ்ட்ரீமர்கள் ட்விட்சைப் புறக்கணித்தார்கள். அந்த மாதக் கடைசியில், சாட் செய்பவரின் போன் எண்ணைச் சரிபார்க்கும் வசதி வந்தது. ஒரே சொடுக்கில் பாதுகாப்பைக் கூட்டும் ‘ஷீல்டு மோடு’ வர 2022 நவம்பர் ஆனது. இரண்டையும் ஸ்ட்ரீமர் தரப்புதான் போட்டுக்கொள்ள வேண்டும். காவல் நிற்கும் மாடரேட்டர்களோ பெரும்பாலும் சம்பளமில்லாத நண்பர்கள். சந்தாவில் வழக்கமாகப் பாதியை எடுத்துக்கொள்ளும் நிறுவனம், காவலை மட்டும் அவர்கள் தலையில் கட்டுவது என்ன நியாயம்? ஃபாலோ வெள்ளம் வந்ததும் மணியை நிறுத்தி சாட்டைப் பூட்டும் வேலையைத் தளமே செய்யட்டும். வேண்டாம் என்பவர் அணைத்துக்கொள்ளலாம்.

நம் நாட்டிலும் வேலை பாக்கி இருக்கிறது. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 குறைபாடுகளில் ஆட்டிசமும் ஒன்று. பொதுப் பார்வையில் படும் இடத்தில் மாற்றுத்திறனாளிகளை வேண்டுமென்றே இழிவுபடுத்தினால் 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை சிறை என்கிறது பிரிவு 92. லைவ் சாட்டும் அப்படிப்பட்ட இடம்தான் என்று அரசு தெளிவாக அறிவிக்க வேண்டும். மாற்றுத்திறனாளிகளைக் கேலி செய்த காமெடியன்களைத் தங்கள் சேனல்களிலேயே மன்னிப்புக் கேட்கச் சொன்னது உச்ச நீதிமன்றம், 2025 ஆகஸ்டில். முகமில்லாத போலிக் கணக்கிடம் யார் மன்னிப்பு வாங்குவது?

புகார் வந்து சேர்ந்தது என்று சொல்லவே 2021 தகவல் தொழில்நுட்ப விதிகள் 24 மணி நேரம் தருகின்றன. லைவோ அதற்குள் முடிந்துபோகும். நடந்துகொண்டிருக்கும் லைவுக்கென்று தனி அவசரப் புகார் வழி வேண்டும். நிமிடங்களில் அதைப் பார்க்க, தமிழ் வசவும் புரிந்த ஆள் வேண்டும்.